அப்பா குறித்து வைத்த நாள்

என் மகனுக்குப் பழனியில் முதல் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டது என் அப்பா. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பேரனைப் பார்த்துவிட்டு அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். நாளைக்கூட அவரே டைரியில் எழுதினார்: தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு புதன்கிழமை, அடிவாரத்தில் மொட்டை, ரோப் காரில் ஏற்றம், சாயரட்சை என்கிற மாலைப் பூஜையில் சாமிக்கு ராஜ அலங்காரம். அந்தக் கார்த்திகையிலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்றார்கள். அடுத்த தையில் கிளம்பத் தயாரானபோது பையனுக்கு அம்மை போட்டது, வீட்டு வாசலில் வேப்பிலை. முடி இடுப்பைத் தொட வளர்ந்து, அம்மா தினமும் இரட்டைச் சடை போட்டுக் கனகாம்பரம் வைத்துவிடுவாள்.

ஒருவழியாக இந்த ஆனியில் காங்கேயத்திலிருந்து கிளம்பினோம். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தக்கூட விடவில்லை, சீக்கிரம் சாமி பார்க்கலாம் என்று தரகர்கள் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், பக்தியோடு வருகிறவர்களை ஏன்தான் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார்களோ. மச்சான் மடியில் உட்கார்ந்து பையன் அழாமல் மொட்டை போட்டுக்கொண்டான். சந்தனம் பூசி, அடிவாரத்துத் திருவாவினன்குடிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தால், காற்று அதிகம் என்று ரோப் காரை நிறுத்தியிருந்தார்கள். தண்டவாளத்தில் மேலே இழுத்துப் போகிற வின்ச்சுக்கோ வரிசை வளைந்து வளைந்து போகிறது. அம்மாவுக்கோ இரண்டு முழங்காலும் வலி.

"நடந்தே போலாம் கண்ணு, அவன் இழுத்துக்குவான்" என்றாள்.

படி வேண்டாம் என்று யானைப் பாதையில் ஏறினோம். பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். இடும்பன் சன்னதியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு தம்பி, பையனை என் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு உச்சிவரை வந்தார், பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

மேலே வரிசையில் இரண்டு மணி நேரம். எங்களுக்கு முன்னால் நாலே பேர் இருக்கும்போது ராக்கால பூஜைக்குத் திரை போட்டுவிட்டார்கள். ராஜ அலங்காரம் போயிற்று. அப்பா ஆசைப்பட்டதில் இதையாவது பார்த்துவிடலாம் என்றிருந்த எனக்கு நெஞ்சை அடைத்தது.

திரை விலகியது. கிரீடம் இல்லை, பட்டு இல்லை. கோவணத்தோடு, கையில் தண்டத்தோடு ஆண்டியாக நின்றான். தலையிலிருந்து பால் வழிந்து தோளில் இறங்கி மார்பில் ஓடியது. அப்பா படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு மாதமும் அம்மாதான் அவரைத் தினம் குளிப்பாட்டினாள், இதே போலக் கோவணத்தோடு, நாற்காலியில் உட்கார வைத்து. சொம்புத் தண்ணீரை ஊற்றும்போதெல்லாம் ஒரு வார்த்தை கேட்பாள். அதையே அங்கேயும் கேட்டாள், கை கூப்பிக்கொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"குளிருதா சாமி?"

முருகா, என் அப்பனே, உனக்குக் கோடி கும்பிடு. வேறு எந்த நாளில், எந்த நேரத்தில் நாங்கள் வந்திருந்தாலும் இது எங்களுக்குக் கிடைத்திருக்குமா! மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்காமலே உண்டியலில் போட்டோம், அப்பா கட்டியது அப்படியே இருக்கட்டும் என்று. பையன் பஞ்சாமிர்தக் கையோடு அப்பத்தா தோளில் தூங்கிவிட்டான்.