வகுப்பறைக்கு டேப்லெட்டுகளைப் பழக்கிய அனுபவம்

எங்கள் பள்ளியில் நடுநிலை வகுப்புகளின் கணிதப் பாடத்துக்கு டேப்லெட்டுகளைப் பயன்படுத்துவது என்று முடிவானபோது, அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு கணித ஆசிரியரான என்னிடம் வந்து சேர்ந்தது. நிர்வாகத்தின் ஒப்புதலும் பெற்றோரின் சம்மதக் கடிதங்களும் எதிர்பார்த்ததைவிட எளிதாகவே கிடைத்துவிட்டன. உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது.

ஒவ்வொரு டேப்லெட்டையும் தனித்தனியே கையில் எடுத்து அமைப்பது நடக்கிற காரியமல்ல என்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் மேலாண்மை மென்பொருளில் பதிவு செய்தோம். எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது, புதுப்பிப்புகள் எந்த நேரத்தில் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அதிலேயே வரையறுத்துவிடலாம். நேரத்தை வரையறுப்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மணி அடித்ததும் அத்தனை டேப்லெட்டுகளும் ஒருசேரப் புதுப்பிப்பை இறக்க ஆரம்பித்தால் அன்றைய பாடம் அவ்வளவுதான். மாணவருக்கு ஒன்று என எண்ணிட்டு ஒதுக்கியதால், திரையில் கீறல் விழுந்தால் அது யார் கையில் இருந்தது என்று விசாரிக்கும் தேவையும் எழவில்லை.

எங்களைப் பெரிதும் அலைக்கழித்தது வைஃபைதான். அலுவலகத்துக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்த ரவுட்டர், ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நிமிடத்தில் காணொளியைத் திறந்ததும் திணறியது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். சிக்கலோ வெளியிலிருந்து வரும் இணைப்பில் இல்லை. கட்டடத்துக்குள் பரவும் அலைகளில் இருந்தது. வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தத்தக்க தடங்கள் (சேனல்கள்) வழக்கமாக 1, 6, 11 என மூன்றுதான். அருகருகே உள்ள அறைகளில் ஒரே தடம் பயன்பட்டால், ஒரு கருவி தகவலை அனுப்பி முடிக்கும்வரை மற்றவை காத்திருந்தே ஆக வேண்டும். அறைக்கு ஒரு வைஃபை கருவி பொருத்தி, டேப்லெட்டுகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய பின்னர் நெரிசல் பெருமளவு தணிந்தது. சுவரைத் தாண்டும்போது அந்த அலைகள் கூடுதலாக வலுவிழப்பது வீட்டில் குறைதான், பக்கத்து அறையின் அலைகள் குறுக்கிடுவது குறைந்ததால் பள்ளியில் எங்களுக்கு அதுவே வசதியாயிற்று. அத்துடன், கோலிப்ரி என்னும் கட்டற்ற மென்பொருளைப் பள்ளியின் பழைய கணினி ஒன்றில் நிறுவி, பாடங்களையும் பயிற்சிகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்தோம். இணையம் அறுந்துபோனாலும் உள் வலையமைப்பு வழியே அவை மாணவர்களைச் சென்றடைந்துவிடும்.

இத்தனை பாடும் எதற்காக என்பது தசம எண்கள் பாடத்தின்போது தெளிவாயிற்று. 0.35, 0.5 ஆகிய இரண்டில் எது பெரியது என்ற கேள்வியைத் திரைக்கு அனுப்பி, பெயர் தெரியாத வகையில் விடைகளைத் திரட்டினேன். வகுப்பில் பெரும்பகுதியினர் 0.35 என்றே தொட்டிருந்தார்கள். 35 என்பது 5-ஐவிடப் பெரியது என்ற முழு எண் வழக்கத்தைப் புள்ளிக்குப் பின்னும் அப்படியே கொண்டு வந்திருந்தார்கள். கையை உயர்த்தச் சொல்லியிருந்தால், கெட்டிக்கார மாணவர் இருவரின் கைகளைப் பார்த்து மற்றவர்களும் உயர்த்தியிருப்பார்கள், நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அன்று டேப்லெட்டுகளை மூடச் சொல்லிவிட்டு, 0.5 என்பதை 0.50 என எழுதிக்காட்டி, கட்டத்தாளின் நூறு கட்டங்களில் 35-க்கும் 50-க்கும் வண்ணம் தீட்டி ஒப்பிட வைத்து, பிறகு அதே வகைக் கேள்வி ஒன்றை மீண்டும் அனுப்பினேன்.

கவனச்சிதறல் பற்றிய அச்சம் நியாயமானதே. 15 வயது மாணவர்களின் திறனைப் பன்னாட்டளவில் அளக்கும் பீசாவின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், கணித வகுப்புகள் சிலவற்றிலேனும் மின்னணுக் கருவிகளால் கவனம் சிதறுவதாகப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பின் (ஓஇசிடி) நாடுகளில் சராசரியாகச் சுமார் 65 விழுக்காட்டு மாணவர்கள் தெரிவித்திருக்கிறார்கள். பிரான்ஸ் 2018-இலேயே 15 வயது வரையிலான மாணவர்கள் பள்ளியில் கைபேசி பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. பள்ளியின் டேப்லெட்டும் மாணவரின் சொந்தக் கைபேசியும் ஒன்றல்ல என்பது என் கருத்து; ஆகவே கைபேசிக்கு இடம் தராமல், பாடத்துக்கு வேண்டிய செயலி மட்டுமே திறக்கும்படி டேப்லெட்டைப் பூட்டி வைத்தோம். நான் பேசும்போது திரை மேசையைப் பார்த்தபடி கவிழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் படிவதற்குச் சற்றுக் காலம் பிடித்தது.

நீண்ட விடுமுறைக்கு முன் மின்கலங்களைப் பாதியளவு சார்ஜில் நிறுத்திப் பூட்டி வைக்கிறோம்; முழுக்க வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் லித்தியம் மின்கலம் பாழாகிவிடும். வட்டம் வரைவதற்கு எங்கள் வகுப்பில் இன்றும் கவராயமும் தாளும்தான்.