டைகர் பார்ப் சண்டைக்கு மானாமதுரைக் கலயம்

மூன்று வாரமாகத் தொட்டியில் ஒரு மீனின் வால்கூடக் கிழியவில்லை. ரெண்டரை அடி தொட்டி, 30 × 12 × 15 அங்குலம், மணல் போக ஏறக்குறைய 70 லிட்டர் தண்ணீர். கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மீன் ஒன்பது, அடியில் மணலைக் கிளறும் கோரி மீன் நான்கு. கௌராமி மீன் ரெண்டும் இப்போது இதில் இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"எண்ணிக்கையைக் கூட்டுங்க, சரியாயிடும்" என்பதுதான் டைகர் பார்ப்புக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம். ஐந்தை ஒன்பதாக்கியதில் பாதிச் சண்டைதான் அடங்கியது. பத்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினால் 31 துரத்தல் இருந்தது 18-க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. எண்ணும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். ரெண்டு மீன் தலையோடு தலை சுற்றி, மூன்று நொடியில் விலகினால் அது யார் பெரியவன் என்று கூட்டத்துக்குள் நடக்கும் போட்டி, விட்டுவிடலாம். ஒரே மீன் இன்னொன்றையே திரும்பத் திரும்ப மூலைக்கு ஓட்டி, தீனிக்கும் வரவிடாமல் செய்தால்தான் கை வைக்கணும். அடி வாங்கும் மீன் ஃபில்டருக்குப் பின்னால் மேல்மூலையில் ஒதுங்கி நிற்கும், கறுப்புப் பட்டை சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருக்கும். அடிக்கிற மீனின் மூக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு.

கோளாறு இருந்தது நடுவில் வைத்திருந்த ரெசின் கோட்டையில். அதன் முன்னால் நிற்கிற மீனுக்கு ரெண்டு பக்கக் கண்ணாடி வரைக்கும் எல்லாம் தெரியும். நடுவைப் பிடித்தவனுக்குத் தொட்டியே சொந்தம். அந்தக் கோட்டைக்கு வாசலும் ஒன்றே ஒன்று. பயந்த மீன் உள்ளே போகும், ரவுடி வாசலில் நிற்கும். வெளியேற ரெண்டாவது வழி இல்லாத மறைவிடம் மீனுக்குப் பொறிதான்.

கோட்டையை எடுத்துவிட்டு மானாமதுரைச் சின்னக் கலயம் நான்கு வாங்கி வந்தாச்சு. மெருகு, வர்ணம் எதுவும் ஏறாத வெறும் சுட்ட மண்ணாக இருக்கணும். விளாச்சேரிப் பொம்மைகள் கொள்ளை அழகு, ஆனால் வர்ணம் பூசியது எதுவும் தண்ணீருக்குள் வேண்டாம்.

ரெண்டாவது வாசல் வேண்டுமே, அதனால் வேலை முழுக்க அடிப்பாகத்தைக் கழற்றுவதில்தான் இருக்கிறது. அப்படியே தட்டினால் கலயம் சுக்குநூறு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரச்சாக்கின் மேல் படுக்கவைத்து, ஆக்ஸா பிளேடால் அடிப்பாகத்தைச் சுற்றி ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கோடு இழுக்கணும். ஃபிரேம் வளைவில் இடிக்கும். பிளேடை மட்டும் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டால் போதும். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்ததும், உள்ளேயிருந்து கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டினால் அடித்தட்டு வட்டமாகக் கழன்று விழும். முதல் கலயத்தில் கோடு அரை அங்குலம் சேராமல் விட்டுப்போனது, விரிசல் அந்த இடத்திலிருந்தே மேலே ஓடிக் கழுத்து வரை பிளந்துவிட்டது. மிச்சம் மூன்று நன்றாக வந்தன. ஓட்டை மூன்று விரல் அகலம் இருக்கணும். குறைந்தால் வளர்ந்த பார்ப் திரும்பும்போது உரசும்.

அறுத்த விளிம்பை 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிறகு 220-இல் தேய்க்கணும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது. பஞ்சை விளிம்பு முழுக்க ஓட்டுங்கள். ஒரு இழை மாட்டினாலும் அங்கே செதில் பெயரும். அப்புறம் மூன்று நாள், தண்ணீரைத் தினமும் மாற்றி ஊறவைத்தால் மண் கரைசல் நின்றுவிடும்.

கலயங்களை மணலுக்கு மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் படுக்கவைத்து மணலை அணைத்தாச்சு, இல்லாவிட்டால் கோரி தோண்டி உருட்டிவிடும். ஒரே வரிசையில் வைக்காமல் முன்னும் பின்னுமாக வைக்கணும். சரிபார்க்க டார்ச் போதும்: இடது கண்ணாடியில் பாதி உயரத்தில் அடித்தால் வெளிச்சம் நேராக வலது கண்ணாடியில் விழக்கூடாது. மேல் பகுதிக்கு மணி பிளான்ட் வேர். இலை வெளியே, வேர் மட்டும் உள்ளே. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

இந்த மாற்றத்தைச் செய்யும்போது ரவுடி மீன் தொட்டியில் இருக்கக்கூடாது. காய்கறிக் கூடையில் போட்டு உள்ளேயே தொங்கவிட்டதில் பலனில்லை, கூடைக்குள்ளிருந்தே மற்றதை மிரட்டிக்கொண்டிருந்தது. வேறு அறையில், மூடி போட்ட 20 லிட்டர் பக்கெட்டில், ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜ் ஃபில்டரோடு வைக்கணும். தினமும் பாதித் தண்ணீர் மாற்றணும், மீன் கழிவிலிருந்து அமோனியா சேரும். நம் போர் தண்ணீர் மாதிரி பி.ஹெச். (அமில-கார அளவு) 8-ஐத் தொடும் தண்ணீரில், 30 டிகிரி சூட்டில், மொத்த அமோனியாவில் ஏழு சதவீதத்துக்கு மேல் விஷ வடிவத்தில் இருக்கும். பி.ஹெச். 7 என்றால் அது ஒரு சதவீதம்கூட வராது.

ரெண்டே நாளில் பட்டப்பகலில் திரும்ப விட்டபோது ஒரு மணி நேரத்தில் பழைய ஆட்டம் ஆரம்பித்தது. அடுத்த முறை ஐந்து நாள். மற்ற மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து விட்டதில், விடிந்தபோது கூட்டத்தின் கடைசியில் போய்க்கொண்டிருந்தது. கலயமெல்லாம் அதற்குப் புது இடம். இப்போது பத்து நிமிடத்துக்கு ஐந்தாறு துரத்தல், எல்லாம் மூன்று நொடி ரகம். தீனியை ரெண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுவது தொடர்கிறது.

மே மாத மதுரை வெயிலையும் கணக்கில் எடுக்கணும். தொட்டி 33 டிகிரி போனால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், மீனின் உடம்போ அதிகம் கேட்கும். எரிச்சல் சண்டையில்தான் தெரியும். கிளிப் ஃபேனை மேல்பரப்பில் சாய்த்து வைத்ததில் ரெண்டரை டிகிரி இறங்கியது. ஆவியாகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும்.

கூட்டத்தைப் பெருக்குகிறவர்கள் சென்னைக் கொளத்தூர் மீன் சந்தைச் சரக்கு வந்து இறங்கும் நாளில், ஒரே தொட்டியிலிருந்து, ஒரே அளவில் வாங்குங்கள். அரை அங்குலம் சின்னதாக ஒன்று கலந்தால் அதுதான் முதல் பலி. ரெண்டு வாரம் தனியே வைத்த பிறகு சேர்க்கலாம்.

இனி கௌராமி. "எல்லாம் ஒண்ணா இருக்கும்" என்று சொல்லி டைகர் பார்ப்போடு முத்துக் கௌராமியையும் ஒரே கவரில் கட்டிக்கொடுப்பது பெரிய அநியாயம். கௌராமியின் நூல் மாதிரி நீண்ட மீசை அதன் வயிற்றுத் துடுப்புதான், தொட்டுத் தடவி வழி அறிவதே அதால்தான். பார்ப்புக்கு அது ஆடுகிற புழு. கலயம் வைத்தும் கடி நிற்கவில்லை. கௌராமி மெதுவாக நீந்துகிற மீன், மீசையை எந்த மறைவுக்குள்ளும் ஒளிக்க முடியாது. இந்த ஜோடியைச் சேர்த்து வைக்க வழி தேட வேண்டாம், பிரித்துவிடுங்கள்.

அவற்றுக்கு ரெண்டடித் தொட்டி தயாராகிறது. மேலே மிதக்க பிஸ்டியா, அதாவது ஆகாயத்தாமரை வேண்டும். கண்மாயில் எடுத்தால் தட்டான் புழுவும் அட்டையும் கூடவே வரும், அதனால் லேசான ரோஸ் நிறப் பெர்மாங்கனேட் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அலசணும். ஸ்பான்ஜ் ஃபில்டர் இப்போது பார்ப் தொட்டியில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்னும் பத்து நாள் அங்கேதான். பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும் பெண் கௌராமிக்கு இடது மீசை அடியோடு போகவில்லை. கண்ணாடி மாதிரி வெளிறிய நுனியோடு ஒரு சென்டிமீட்டர் திரும்ப முளைத்திருக்கிறது.