எடை மெஷினில் தெரியாதது

மகனுக்கு 14 வயது. ஜூனில் ஆரம்பித்தோம், வாரம் மூன்று சாயங்காலம்: 30 விநாடி உயிரைக் கொடுத்து ஓட்டம், அப்புறம் 4 நிமிடம் நடை. இப்படி நாலு சுற்று. முதல் நாளே வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். தப்பு என்மேல்தான், போண்டா தின்ற கையோடு ஓடவிட்டேன்.

மூன்று மாதம் கழித்தும் அதே 58 கிலோ. "போப்பா, எல்லாம் வேஸ்ட்" என்றான். ஆனால் மேற்கையின் பின்பக்கத்தை காலிப்பர் என்ற அளவு இடுக்கியால் கிள்ளி அளந்தால், தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் சேர்ந்த மடிப்பு 19 மில்லிமீட்டரிலிருந்து 15-க்கு இறங்கியிருந்தது. கொழுப்பு குறைந்து தசை ஏறினால் எடை மெஷினுக்கு அது தெரியாது.

முழுப் பெருமையும் ஓட்டத்துக்கு இல்லை, சரி. பையன்களுக்கு இந்த வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனே தசையைக் கூட்டும். ராத்திரி பரோட்டாவையும் நிறுத்தியிருந்தோம். இப்போது ஆறு சுற்று ஓடுகிறான், போண்டா இல்லாமல்.