ஃபைன் கட்டியாச்சே, அப்புறம் என்ன கேஸு?

மார்ச் 3, திங்கள்

மாதத் தொடக்கமென்றால் எங்கள் ஆபீஸில் மூச்சுவிட நேரமிருக்காது. வேலைக்குத் தேர்வானவர்களின் பின்னணியைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. படிப்பு, முகவரி, பழைய கம்பெனியெல்லாம் மற்றவர்கள் பார்ப்பார்கள். என் தலையில் விழுந்தது கோர்ட் ரெக்கார்டு.

நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரையும் வருடத்தையும் போட்டு, ஒவ்வொரு நீதிமன்ற வளாகமாகத் தேட வேண்டும். இன்று வந்தது, தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் மேல்தான் விழ வேண்டும் என்கிற மாதிரியான பெயர். திரையில் வரிசைகட்டி நிற்கிறார்கள். வயது இல்லை, பெரும்பாலும் அப்பா பெயரும் இல்லை. இனிஷியலை ஒரு கிளார்க் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், வேறொருவர் போடவே மாட்டார். எவனோ வாங்கிய தண்டனைக்கு இவன் வேலை போய்விடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

மார்ச் 5, புதன்

ஆள் இவன்தான். போலீஸ் சரிபார்ப்பு அறிக்கையிலும் அதே வழக்கு எண். எஸ்டிசி, அதாவது சுருக்க விசாரணை வழக்கு. பிரிவு 75, தமிழ்நாடு நகரக் காவல் சட்டம். 1888-இல் வெள்ளைக்காரன் போட்டது. பொது இடத்தில் குடித்துவிட்டோ கூச்சல் போட்டோ ரகளை செய்தால் பாயும். ஸ்டேஷன் பேச்சில் '75 கேஸ்'. முடிவு என்ற கட்டத்தில் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று பொருள்படும் இரண்டே ஆங்கிலச் சொற்கள்.

விவரம் கேட்கப் போன் போட்டேன். பையனுக்கு ஒன்றுமே புரியவில்லை.

"கேஸா? எந்த கேஸுக்கா?"

சொன்னேன்.

"அது வண்டி செக்கிங்க்கா. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தப்ப மடக்குனாங்க. சாவியப் புடுங்குனாங்க, ஏன் சார்னு கேட்டேன், ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. மறுநாள் கோர்ட்ல ஃபைன் கட்டிட்டுப் போப்பான்னாங்க, கட்டிட்டேன். ஃபைன் கட்டியாச்சே, அப்புறம் என்ன கேஸு?"

அவனைப் பொறுத்தவரை அது ஹெல்மெட் போடாததற்குக் கட்டும் சலான் போலத்தான். கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள், தலையாட்டினான், கவுன்டரில் பணம் கட்டினான், ரசீது வாங்கினான். அந்தத் தலையாட்டல்தான் குற்ற ஒப்புதல். அங்கே நின்ற யாரும் இதை அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வரிசையில் அவனுக்குப் பின்னால் ஆள் நின்றிருக்குமே.

மார்ச் 6, வியாழன்

ராத்திரியில் நிறுத்தி, பெயர் கேட்டு, போகச் சொல்லிவிட்டால் அது எங்கள் தேடலில் வராது. புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு நின்றுபோனதும் கோர்ட் ரெக்கார்டில் இருக்காது. ஊதச் சொல்லி மாட்டினால் கதை வேறு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185. முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. 'ஃபைன் கட்டிட்டு வந்துட்டேன்' என்பவர்களில் எத்தனை பேருக்கு அது தண்டனைத் தீர்ப்பு என்று தெரியும்?

ஆனால் பையனின் கழுத்தில் கத்தி வைத்தது 75 இல்லை. அவன் நிரப்பிக் கொடுத்த படிவம்.

மத்திய அரசு வேலைக்கான சான்றொப்பப் படிவத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்பார்கள்: கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, காவலில் வைக்கப்பட்டதுண்டா, பிணை எழுதி வாங்கப்பட்டதுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா. இந்தத் தனியார் கம்பெனியும் அதைத்தான் சுருக்கி வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பையன் 'இல்லை' என்று டிக் அடித்திருக்கிறான். கேஸ் சின்னது. 'இல்லை' பெரியது. எங்கள் ரிப்போர்ட்டில் அதற்குப் பெயர் முரண்பாடு.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் சாப்பிடும்போது இதே பேச்சு. சீனியர் அண்ணன் 2020 ஊரடங்கை எடுத்தார். காய்கறி வாங்கப் போனவனின் வண்டியைப் பிடித்து, ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். பலருக்கு அது பிரிவு 188, அதாவது அரசு உத்தரவை மீறியதற்கான எஃப்ஐஆர் என்றே தெரியாது. 2021 பிப்ரவரியில் முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி, சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தார். வன்முறை, போலி இ-பாஸ் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒரே அறிவிப்பில் கைவிடக்கூடிய வழக்குகளை அத்தனை லட்சம் ஏன் போட்டார்கள் என்று கேட்டால் அண்ணன் சிரிக்கிறார்.

உச்ச நீதிமன்றத்தின் 2016 அவதார் சிங் தீர்ப்பை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். விண்ணப்பதாரருக்கே தெரியாத ஒன்றை மறைத்ததாகச் சொல்ல முடியாது. இன்னொரு பக்கமும் உண்டு: உண்மையை ஒளிக்காமல் சொன்னாலும், வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதுவும் அரசு வேலை சம்பந்தப்பட்ட தீர்ப்பு. தனியார் கம்பெனியின் எச்ஆரிடம் இதை நீட்டினால் படித்துவிட்டு மேசையில் வைப்பார்.

தமிழ்நாடு போலீஸ் வேலைக்குப் போகிறவன் பாடு இன்னும் மோசம். அந்த விதிகளின்படி சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவன் என்றே கணக்கு.

மார்ச் 13, வியாழன்

ரிப்போர்ட் அனுப்பியாகிவிட்டது. சிவப்பு, அதாவது 'தேறவில்லை' என்று போடச் சொன்னார் டீம் லீடர். ஆம்பர்தான், 'பார்த்து முடிவெடுங்கள்' என்பதுதான் என்று நின்றேன். பிரிவு எண்ணை மட்டும் எழுதினால் வாசிப்பவர் என்னவெல்லாமோ நினைத்துக்கொள்வார் என்பதால், குறிப்புப் பகுதியில் விளக்கமாக எழுதினேன்: வாகனச் சோதனையின்போது ஏற்பட்ட வாக்குவாதம் என்று விண்ணப்பதாரர் கூறுகிறார், அபராதம் செலுத்தப்பட்டுள்ளது, வேறு வழக்கு எதுவும் தென்படவில்லை.

மார்ச் 20, வியாழன்

எடுக்கவில்லை. காரணம் ஒரே வரி: 'தவறான தகவல் அளித்தமை'. 75 பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பையன் கூப்பிட்டான். வேறொரு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறதாம், அங்கேயும் அதே கேள்வியாம். "ஆமான்னு போட்டா எடுப்பாங்களாக்கா?"

எடுப்பார்கள் என்று நான் எப்படிச் சொல்ல? ஆமாம் என்றே போடு, வருடம், பிரிவு, கட்டிய தொகை மூன்றையும் எழுது என்றேன். ரசீதைத் தொலைத்துவிட்டானாம். கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பு நகல் வாங்கச் சொல்லி, எஸ்டிசி எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திங்கட்கிழமை ரம்ஜான் லீவு, செவ்வாய்க்கிழமை போகிறேன் என்றான். ஷிஃப்ட் மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டுமாம்.