பெட்டிச் செய்தியில் அடங்காத பயிற்சியாளர்

ஒரு கால்பந்து அணியின் பயிற்சியாளர் விலகினார் என்று தகவல் வந்ததும் எங்கள் விளையாட்டுப் பிரிவில் மூன்று வேலைகள் தொடங்கும். அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு, அடுத்து வரப்போவது யார் என்ற ஊகம், கடைசியாக 'ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள்' என்ற பெட்டிச் செய்தி. கடைசி வேலை என் தலையில்தான் விழும். சென்னையில் கிரிக்கெட்டுக்குப் போக மிஞ்சும் இடத்தில் கால்பந்தை எழுதுபவன் நான். அந்தப் பெட்டிக்கு எண்பது வார்த்தை கிடைத்தாலே பெரிது. செய்தி ஆசிரியர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "ஆதரவா, எதிர்ப்பா?"

பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு வெளியே நின்று இத்தனை ஆண்டுகளாகக் கேட்டதில், இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன ரசிகரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்க் கால்பந்து அணியான 'சென்னையின் எஃப்.சி.'யின் முதல் பயிற்சியாளர் மார்கோ மாட்டராஸியின் விஷயம் கொஞ்சம் எளிது. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேன் தலையால் முட்டியது அவரைத்தான் என்பதால், அவர் இங்கே வரும்போதே பாதி ஊருக்கு அவரைத் தெரியும். 2015இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அது வெள்ள ஆண்டு. அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தையே புனேவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்குள் புகுந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தவர்கள், கோவாவில் கடைசி நிமிடங்களில் 3-2 என்று ஆட்டம் திரும்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மறுஆண்டு அணி ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. அதை யாராவது நினைவுபடுத்தினால்தான் உண்டு.

அவருக்குப் பின் வந்த ஜான் கிரிகரிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் ஒரு ரசிகரை எனக்கு வெகுநாளாகப் பழக்கம். 2018 மார்ச் 17 இறுதி ஆட்டம் பற்றிப் பேச்செடுத்தால் டீ ஆறிவிடும். பெங்களூரு அணியின் சொந்த மைதானம், லீகில் முதலிடம் பிடித்த அணி, ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரியின் கோல். பிறகு எங்கள் மைல்சன் ஆல்வ்ஸ் இரண்டு முறை எழும்பித் தலையால் அடித்ததை அவர் தன் கழுத்தை ஆட்டியே காட்டுவார். மூன்றாவது கோல் ரஃபேல் அகஸ்டோ, கோப்பை சென்னைக்கு. "கிரிகரிக்குச் சிலையே வைக்கலாம் சார்" என்பார். அரையிறுதியில் கோல் போட்ட வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷைக் கிரிகரி நம்பியதையும் சொல்லாமல் விடமாட்டார். அடுத்த மூச்சிலேயே அடுத்த பருவத்துக்கு வந்துவிடுவார்: 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், கடைசி இடம். "அப்போதே போயிருக்க வேண்டாமா? நவம்பர் வரை ஏன் இழுத்தடித்தார்?" சிலை வைக்கச் சொன்ன குரலும் இதுவும் ஒன்றேதான். அதில் தயக்கம் எதுவும் இருக்காது.

இதை ஆங்கிலப் பத்திரிகைகளைப் பார்த்து 'கலவையான உணர்வு' என்று எழுதிவிடுவது எங்கள் வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. பாலும் தண்ணீரும் கலந்தால் இரண்டும் நீர்த்துப்போகும். பெரம்பூர்க்காரரிடம் எதுவும் நீர்த்துப்போகவில்லை. நன்றி முழுதாக இருக்கிறது, கோபமும் முழுதாக இருக்கிறது. ஒன்றை மற்றொன்றில் கழித்து மீதி என்ன என்று கேட்பது பத்திரிகைக்காரனின் பழக்கம்.

ஓவன் கோய்லின் கதைதான் என் வேலையை உண்மையில் கடினமாக்கியது. கிரிகரியின் இடத்துக்கு 2019 டிசம்பரில் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த அணியை மூன்று மாதத்தில் இறுதி ஆட்டத்துக்கு இழுத்துச் சென்றார். 2020 பிப்ரவரி 29 அன்று அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று தோற்கடித்த இரவு, மைதானத்திலிருந்து சென்ட்ரல் வரை பாட்டுதான். இறுதி ஆட்டம் கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் நடந்தது, கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோல்வி. பிறகு அவர் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். 2021-22இல் ஜாம்ஷெட்பூர் லீகில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான கேடயத்தை வென்றது.

அடுத்த இரண்டு பருவங்களின் லீக் ஆட்டங்களும் முழுக்கக் கோவாவில், ரசிகர்கள் இல்லாமல் நடந்தன. எதிரணிப் பயிற்சியாளராக அவர் சென்னைக்கு வந்து நின்றிருந்தால் முதல் பத்து நிமிடம் கூச்சல் போட்டு, கடைசியில் கை தட்டி, கணக்கை ஒருவிதமாக முடித்திருப்பார்கள். அதற்கு வாய்ப்பே அமையவில்லை. திட்டவேண்டியதும் பாராட்டவேண்டியதும் தொண்டையிலேயே தங்கிவிட்டன. பயிற்சியாளர் போனதைவிட இதுதான் ரசிகர்களை அதிகம் உறுத்தியது என்பது என் கணிப்பு.

இங்கிலாந்தின் பர்ன்லி ஊர்க்காரர்களுக்கு அவரிடம் இதைவிடப் பழைய கணக்கு உண்டு. 2009இல் அந்தச் சிறிய ஊரின் அணியை 33 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் பிரிவுக்கு உயர்த்தியவர் அவர்தான். அந்த ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டையே 1-0 என்று வீழ்த்தினார்கள். ஆனால் 2010 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, பக்கத்திலிருக்கும் போல்டனுக்குப் போய்விட்டார். போல்டன் அவர் முன்பு விளையாடிய அணி என்ற சமாதானத்தை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை, யூதாஸ் என்றார்கள். அந்தப் பருவ முடிவில் பர்ன்லி கீழே இறங்கியது. 2016இல் அவர் பர்ன்லியின் பரம வைரியான பிளாக்பர்னுக்கும் பயிற்சியாளரானார். இத்தனைக்குப் பிறகும் 2009 என்றால் அந்த ஊரில் முகம் மலர்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைப் பெரம்பூர்க்காரரிடம் சொன்னபோது, "நம்மை நடுவழியில் விடவில்லையே சார், பருவம் முடிந்துதானே போனார்" என்று உடனே கோய்லுக்கு வக்கீலாகிவிட்டார். வெளியூர்க்காரன் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

2023இல் கோய்ல் திரும்பி வந்தார். வரவேற்புக்குக் குறைவில்லை. முதல் ஆண்டு ஆறாவது இடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் தோல்வி. அடுத்த ஆண்டு பதின்மூன்று அணிகளில் பதினோராவது. தீவிர ரசிகர்கள் கூடும் பி ஸ்டாண்டில் பாட்டு நிற்கவில்லை, ஆனால் ஆட்டம் முடிந்ததும் மாடிப்படி சீக்கிரம் நிரம்பியது.

2025இல் அவர் விலகியதும் மறுபடி பெட்டிச் செய்தி. பெரம்பூர்க்காரரை அழைத்தேன். 2020இன் அந்த மூன்று மாதத்தைப் போல இனி ஒன்று பார்ப்போமா என்று ஆரம்பித்து, கடைசி ஆண்டில் வீரர்களை மாற்றிய விதத்தில் முடித்தார். இரண்டையும் ஒரே வாக்கியமாக எழுதி அனுப்பினேன். இரவு பத்தரைக்கு ஒரு விளம்பரம் வந்து இடம் சுருங்கியது. காலையில் பார்த்தால் முதல் பாதி வெட்டப்பட்டு, மேலே 'ரசிகர்கள் நிம்மதி' என்று தலைப்பு.

எட்டு மணிக்கே அவரிடமிருந்து அழைப்பு. "நான் முதலில் சொன்னது எங்கே சார்?"

இடம் போதவில்லை என்றேன்.

"அப்படியானால் அடுத்த முறை திட்டுவதை வெட்டச் சொல்லுங்கள்" என்றவர், கொஞ்சமும் மூச்சு விடாமல், புதிதாக யாரைக் கொண்டுவரப்போகிறார்கள், அந்த ஆளாவது மூலையிலிருந்து வரும் பந்துக்கு ஒழுங்காக ஆள் நிறுத்துவாரா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.