கரண்ட் போய் வந்தால் எழும்புமா? பூட் மேனேஜர்களில் வந்திருக்கும் மாற்றங்கள்

உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் கணினியில், இயங்குதளத்தைத் தெரிவு செய்து ஏற்றும் பூட் மேனேஜரான க்ரப்பின் மெனு திடீரென்று 30 வினாடி அப்படியே நின்றால் பலர் அதைப் பழுதென்று நினைத்து, கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது பழுது இல்லை. கணினி எழும்பத் தொடங்கும்போது க்ரப் ஒரு சின்னக் கோப்பில் ‘ரெக்கோர்ட்ஃபெயில்’ என்று குறித்து வைக்கும். லினக்ஸ் முழுதாக எழும்பிய பிறகு அந்தக் குறிப்பு அழிக்கப்படும். நடுவில் கரண்ட் போனால் குறிப்பு அழியாமல் இருந்துவிடும். அடுத்த தடவை க்ரப் அதைப் பார்த்து, பழைய கேர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) தெரிவு செய்ய உங்களுக்கு நேரம் கொடுக்கிறது. கரண்ட் வந்து, இரண்டு நிமிடத்துக்குள் மறுபடி போகும் நாட்களில்தான் இது அதிகம் நடக்கும்.

30 வினாடி அதிகம் என்றால், ஈடிசி கோப்புறைக்குள் டிஃபோல்ட் என்ற கோப்புறையில் உள்ள க்ரப் கோப்பைத் திறந்து, ‘க்ரப்_ரெக்கோர்ட்ஃபெயில்_டைம்அவுட்=5’ என்ற வரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்து, அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்டினால் போதும். பூஜ்ஜியம் போடாதீர்கள். பிரச்சினை வரும் நேரத்தில்தான் அந்த மெனு உங்களுக்குத் தேவைப்படும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த நாடு இலங்கை. பூட் மேனேஜரைத் தெரிவு செய்யும்போது இங்கே முதலில் கேட்க வேண்டியது அதன் அழகையோ வேகத்தையோ அல்ல. பாதியில் விழுந்தால் அது ஆள் உதவி இல்லாமல் எழும்புமா என்பதைத்தான். கடந்த சில வருடங்களில் நடந்த வேலைகளை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

க்ரப் 1995இல் எரிக் போலின் தொடங்கியது. இப்போது நாம் பாவிக்கும் இரண்டாம் தலைமுறை 2012இல் 2.00 ஆக வந்தது, 2.06 பதிப்பு 2021இலும், 2.12 பதிப்பு 2023 டிசெம்பரிலும் வெளியாகின. அதன் பலம், ஈஎக்ஸ்டி4, எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ் என்று டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் முறை எதையும் தானே வாசிக்கும் என்பது. ஆனால் வாசிக்க மட்டும்தான் தெரியும். எழுதுவது, ‘ரெக்கோர்ட்ஃபெயில்’ குறிப்பு இருக்கும் அந்த 1024 பைட் க்ரப்என்வ் கோப்பில் மட்டும்: டிஸ்க்கில் கோப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அளவு மாறாமல் அதன் மேலேயே எழுதும். பூட் கோப்புறை எல்விஎம்மிலோ பிடிஆர்எஃப்எஸ்ஸிலோ இருந்தால் இப்படி மேலே எழுதுவது பாதுகாப்பில்லை. அதனால் க்ரப் எழுத மறுத்துவிடும். அப்படிப்பட்ட யுஇஎஃப்ஐ (பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர், அதாவது தாய்ப்பலகையிலேயே இருக்கும் மென்பொருள்) கணினியில் உபுண்டு ஒவ்வொரு தடவையும் 30 வினாடி நிற்கும். டிஸ்க்கைப் புதிதாகப் பகுதிகளாகப் பிரிக்கும்போது பூட் கோப்புறைக்குத் தனியாக 1 ஜிபி ஈஎக்ஸ்டி4 ஒதுக்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

தானாக எழும்பும் விஷயத்தில் பெரிய பாய்ச்சல் சிஸ்டம்டி-பூட் என்ற இன்னொரு பூட் மேனேஜரில் நடந்தது. முன்பு கம்மிபூட் என்ற பெயரில் இருந்தது, 2015இல், லினக்ஸில் சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குள் சேர்ந்தது. 2018 கடைசியில் வந்த 240ஆம் பதிப்பிலிருந்து முயற்சிகளை எண்ணும் வசதி இருக்கிறது. எண்ணிக்கை கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. புதிய கேர்னலின் குறிப்புக் கோப்புப் பெயர் ‘+3’ என்று முடியும். முதல் முயற்சியில் சிஸ்டம்டி-பூட் அதை ‘+2-1’ என்று மாற்றிவிட்டுக் கேர்னலை ஏற்றும். அடுத்தது ‘+1-2’, பிறகு ‘+0-3’. பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டால் அந்தக் கேர்னல் பட்டியலின் அடிக்குப் போய்விடும், பழையது தானாக ஏறும். வெற்றியாக எழும்பினால் ‘பிளெஸ்-பூட்’ சேவை அந்த எண்களை நீக்கிவிடும். இதைத் தொடக்க, ஈடிசி கோப்புறையின் கேர்னல் பகுதிக்குள் ‘ட்ரைஸ்’ என்ற கோப்பை உருவாக்கி, 3 என்று எழுதினால் போதும். கேர்னல்-இன்ஸ்டோல் கட்டளை மூலம் வரும் புதிய கேர்னல்களுக்கு எண் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இதை மட்டும் செய்துவிட்டு நம்பியிருக்கக் கூடாது. கேர்னல் பேனிக் (தொடர முடியாமல் கேர்னல் நின்றுவிடுவது) வந்தால் கணினி அந்தத் திரையிலேயே நிற்கும். யாராவது பட்டனை அமுக்கும் வரை எண்ணிக்கை இறங்காது. கேர்னல் கட்டளை வரியில் ‘பேனிக்=10’ சேர்த்தால் 10 வினாடியில் தானாக ரீபூட் ஆகும். மேசைக் கணினி என்றால் பயோஸ் அமைப்பில் ‘ஏசி பவர் லொஸ்’ என்று வரும் இடத்தில் ‘பவர் ஒன்’ வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்தும் பெட்டி அணைந்தே கிடக்கும். வெற்றி என்பதற்கு உங்கள் சொந்த அளவுகோலையும் வைக்கலாம். கடையில் பில் போடும் மென்பொருள் எழும்பியதா என்று பார்க்கும் ஒரு சேவையை ‘பூட்-கம்ப்ளீட்’ இலக்குக்கு முன்னால் கட்டாயமாக்கினால், அது எழும்பாத கேர்னல் நல்ல கேர்னலாகக் கணக்கில் வராது. புதிய கேர்னல் போட்ட அன்று மின்சாரம் வந்து வந்து போனால், நல்ல கேர்னலே மூன்று முயற்சியும் இழந்து அடிக்குப் போகலாம். ஒரு தடவை முழுதாக எழும்பிவிட்டால் பிறகு அந்த ஆபத்து இல்லை. ஆகவே அப்டேட் செய்ததும் கையோடு ஒரு தடவை ரீபூட் செய்துவிடுங்கள்.

சிஸ்டம்டி-பூட்டுக்கு உள்ள கட்டுப்பாடு இடம். தனக்கென்று கோப்பு முறைமை வாசிப்பான்கள் அதற்கு இல்லை, ஃபர்ம்வேருக்குத் தெரிந்ததை மட்டுமே நம்பும். ஆகவே கேர்னலும், எழும்பும்போது அதற்குத் துணையாக ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் ஃபர்ம்வேர் வாசிக்கும் ஃபாட்32 பகுதியில் இருக்க வேண்டும், வழக்கமாக அது இஎஸ்பி எனப்படும் பூட் பகுதி. விண்டோஸ் அந்தப் பகுதிக்கு வழக்கமாக 100 எம்பிதான் ஒதுக்குகிறது. இன்றைய இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றே அதை நிரப்பப் போதும். இடம் முடிந்தால் கோப்பு பாதியில் நின்றுவிடும். அடுத்த தடவை ‘விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஒன் அன்னோன்-ப்ளொக்(0,0)’ என்று கறுப்புத் திரையில் வரும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று புதியது வாங்கப் போவதற்கு முன் இஎஸ்பியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். விண்டோஸின் 100 எம்பியை இழுத்துப் பெருப்பிக்க முயல்வதைவிட, ஜிடிஸ்க் என்ற பகுதி பிரிக்கும் கருவியில் ‘ஈஏ00’ என்ற வகையில் 1 ஜிபி பகுதி ஒன்றை உருவாக்கி, ஃபாட்32 ஆக்கிக் கேர்னல்களை அங்கே வைப்பது பாதுகாப்பு. சிஸ்டம்டி-பூட் அதே டிஸ்க்கில் அந்தப் பகுதியைத் தானாகத் தேடிக்கொள்ளும்.

ஃபாட்32க்கு ஜேர்னல் (எழுதும் மாற்றங்களின் பதிவேடு) கிடையாது. ஈஎக்ஸ்டி4 கரண்ட் போனால் ஜேர்னலை வாசித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஃபாட்டால் அது முடியாது. ‘டேர்ட்டி பிட் இஸ் செட்’ என்று செய்தி வந்தால் இஎஸ்பியை அன்மவுண்ட் செய்து (இயங்குதளத்திலிருந்து கழற்றி), எஃப்எஸ்சிகே.விஃபாட் கட்டளையைப் பகுதியின் பெயரோடு ஓட்டுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும்போது ஓட்டினால் இருப்பதும் போகும். சிஸ்டம்டியைத் தானாக மவுண்ட் செய்ய விட்டால், தேவைப்படும்போது மட்டும் இஎஸ்பியைத் திறந்து, 120 வினாடி சும்மா இருந்தால் மூடிவிடும். எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதி எந்நேரமும் திறந்து வைப்பதைவிட இது நல்லது.

மூன்றாவது பூட் மேனேஜரான ரீஃபைண்ட் பற்றிச் சுருக்கமாக: ரொட் ஸ்மித் 2012இல் ரீஃபிட் திட்டத்திலிருந்து பிரித்தெடுத்தது. ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கைத் தேடிக் கேர்னல்களைத் தானே கண்டுபிடிக்கும். நான்கைந்து இயங்குதளம் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் பழைய மெக்புக் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வசதி.

பாதுகாப்புப் பக்கம் கதை நீளமானது. 2020 ஜூலையில் ‘பூட்ஹோல்’ என்ற ஓட்டை வெளியானது: க்ரப் தன் அமைப்புக் கோப்பை வாசிக்கும் விதத்தில் இருந்த பிழையால், நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருள் எழும்பாமல் தடுக்கும் செக்யூர் பூட்டையே தாண்ட முடிந்தது. பிழையான ஒவ்வொரு க்ரப் கோப்பையும் தடைப் பட்டியலில் தனித்தனியே போட்டதில், ஃபர்ம்வேரில் வழக்கமாக உள்ள 32 கேபி இடத்தில் சுமார் 10 கேபி அந்த ஒரே தடவையில் போய்விட்டது. இப்படியே போனால் கட்டாது என்றுதான் 2021இல் எஸ்பாட் என்ற தலைமுறை எண் முறை வந்தது. கோப்புக்குக் கோப்பு தடை போடாமல், ‘இந்தத் தலைமுறை எண்ணுக்குக் கீழே உள்ள க்ரப் எதுவும் வேண்டாம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அந்த ஒரு வரி 2024 ஓகஸ்டில் பலரைத் தவிக்க வைத்தது. விண்டோஸ் அப்டேட் எஸ்பாட் எண்ணை உயர்த்த, இரண்டு இயங்குதளமும் போட்டிருந்த கணினிகளில் ‘வெரிஃபையிங் ஷிம் எஸ்பாட் டேட்டா ஃபெயில்ட்’ என்று காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. ஷிம் என்பது, செக்யூர் பூட்டில் க்ரப்பைச் சரிபார்த்து ஏற்றும் சின்ன மென்பொருள். இன்றும் பழைய லைவ் யுஎஸ்பியை (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் யுஎஸ்பியை) செருகினால் இதே செய்தி வரலாம். அப்போது புதிய ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) இறக்கி எழுதுவதே சரியான வழி. டிஸ்க்கில் உள்ள லினக்ஸே மாட்டிக்கொண்டால், ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை நிறுத்தி லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையில் ‘செட்-எஸ்பாட்-பாலிசி டிலீட்’ கொடுங்கள். பிறகு செக்யூர் பூட்டை இன்னும் இயக்காமல் மறுபடி லினக்ஸுக்குள்ளேயே ஒரு தடவை ரீபூட் செய்யுங்கள். பலர் தவறவிடுவது இந்த ரீபூட்டைத்தான். ஷிம் ஓடும்போதுதான் பாலிசி உண்மையில் அழிகிறது. அதன் பின் ஷிம்மையும் க்ரப்பையும் அப்டேட் செய்துவிட்டுச் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கலாம்.

கொழும்பு யூனிட்டி பிளாசாவில் பாவித்த கம்பெனி லப்டொப் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று சான்றிதழ். ஷிம்மில் கையொப்பமிடும் மைக்ரோசொஃப்டின் 2011 சான்றிதழின் காலம் 2026 ஜூனோடு முடிகிறது. ஏற்கெனவே கையொப்பமிட்ட ஷிம் அன்றோடு நின்றுவிடாது. ஃபர்ம்வேர்கள் பொதுவாகக் காலாவதித் திகதியைப் பார்ப்பதில்லை. சிக்கல் புதிய ஷிம்மில்தான். அது 2023 சான்றிதழால் கையொப்பமிடப்படும், பழைய லப்டொப்பின் ஃபர்ம்வேருக்கு அந்தச் சான்றிதழ் தெரியாவிட்டால் ஏற்காது. மோக்யூட்டிலில் ‘டிபி’ விருப்பத்தைக் கொடுத்து, வரும் பட்டியலில் ‘யுஇஎஃப்ஐ சிஏ 2023’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லினக்ஸிலிருந்தே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூஅப்டி மூலமாகவோ, லப்டொப் நிறுவனத்தின் ஃபர்ம்வேர் அப்டேட் மூலமாகவோ ஏற்ற வேண்டும். லப்டொப்பில் பட்டரி நிரம்பி, சார்ஜரும் செருகியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

க்ரப் மீதான நம்பிக்கை அண்மையில் இன்னும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2025 பெப்ரவரியில் வந்த திருத்தங்களில் கணிசமானவை யுஎஃப்எஸ், ஜேஎஃப்எஸ், ரைசர்எஃப்எஸ், எச்எஃப்எஸ் போன்ற, இங்கே எவரும் பாவிக்காத கோப்பு முறைமைகளை வாசிக்கும் பகுதிகளில். எதையும் வாசிக்கும் அந்தப் பலமே ஓட்டைகளின் ஊற்றாகிவிட்டது. ரெட் ஹட் பொறியியலாளர்கள் பூட்லோடரையே எடுத்துவிட்டு லினக்ஸ் கேர்னலையே அந்த வேலைக்கு வைக்கலாம் என்று முன்வைத்ததற்கும் இப்படியான ஓட்டைகள் ஒரு காரணம். என் எண்ணம்: விண்டோஸும் செக்யூர் பூட்டும் வேண்டிய வீட்டு லப்டொப்பில் உபுண்டு தரும் ஷிம்மும் க்ரப்பும் இருக்கட்டும். யுபிஎஸ் இல்லாமல் தனியே ஓடும் லினக்ஸ் பெட்டிக்கு எண்ணிக்கையோடு கூடிய சிஸ்டம்டி-பூட். அங்கே சொந்தச் சாவியால் கையொப்பமிட எஸ்பிசிடிஎல் கருவியைப் பாவித்தால், சாவியைப் பதியும்போது மைக்ரோசொஃப்ட் சாவிகளையும் வைத்திருக்கச் சொல்லும் ‘எம்’ விருப்பத்தை விடாதீர்கள். கிராஃபிக்ஸ் அட்டையின் ஃபர்ம்வேர் அந்தச் சாவியால் கையொப்பமிடப்பட்டிருந்தால், திரையே வராமல் போகலாம்.

மெனுவில் விண்டோஸ் காணவில்லை என்பதுதான் அதிகம் வரும் கேள்வி. க்ரப் 2.06இலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் பாதுகாப்புக்காக முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருக்கிறது. முதலில் சொன்ன, டிஃபோல்ட் கோப்புறையில் உள்ள அதே க்ரப் கோப்பில் ‘க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபோல்ஸ்’ என்று எழுதி அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள், விண்டோஸ் வந்துவிடும்.

க்ரப்பே காணாமல் போய் நேரே விண்டோஸ் வந்தால், மறுபடி நிறுவுவதற்கு முன் ஃபர்ம்வேரின் பூட் வரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் கோப்புகள் இருக்கும், வரிசைதான் மாறியிருக்கும். எஃபிபூட்எம்ஜிஆர் கட்டளையின் ‘ஓ’ விருப்பம் அதை மாற்றும். உண்மையிலேயே நிறுவ வேண்டியிருந்தால், லைவ் யுஎஸ்பி யுஇஎஃப்ஐ முறையில் எழும்பியதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சிஸ் கோப்புறையின் ஃபர்ம்வேர் பகுதிக்குள் ‘எஃபி’ என்ற கோப்புறை இருந்தால் சரி. இல்லையென்றால் பூட் மெனுவில் அதே யுஎஸ்பியை, முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும் வரியில் தெரிவு செய்து மறுபடி எழுப்புங்கள். பிறகு ரூட் பகுதியை எம்என்டியிலும், பூட்டுக்குத் தனிப் பகுதி இருந்தால் அதை அதற்குள் பூட் கோப்புறையிலும், இஎஸ்பியைப் பூட் கோப்புறையின் எஃபியிலும் மவுண்ட் செய்து, டெவ், ப்ரொக், சிஸ், ரன் நான்கையும் உள்ளே இருப்பவற்றோடு (ஆர்பைண்ட்) பைண்ட் செய்து, சிஎச்ரூட் கட்டளையால் டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் போய் க்ரப்-இன்ஸ்டோல், அப்டேட்-க்ரப். எத்தனை தடவை செய்தாலும் விண்டோஸை மட்டுமே எழுப்பும் பிடிவாதமான ஃபர்ம்வேரும் உண்டு. அதற்கு க்ரப்-இன்ஸ்டோலில் ‘ரிமூவபிள்’ விருப்பம் சேர்த்தால், எல்லா ஃபர்ம்வேரும் கடைசியாகத் தேடும் ‘பூட்எக்ஸ்64’ இடத்தில் க்ரப் போய் உட்காரும்.

இவற்றில் எதைத் தொடுவதற்கு முன்னும், விண்டோஸ் டிஸ்க்கைக் குறியாக்கும் பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை நிறுத்தினாலோ புதிய சான்றிதழ் ஏற்றினாலோ டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) அளவீடு மாறி, விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தவர்களுக்குக் குறியாக்கம் தானாகவே தொடங்கியிருக்கலாம், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. க்ரப் வழியாக விண்டோஸுக்குப் போகும்போதெல்லாம் சாவி கேட்டால், ஃபர்ம்வேர் மெனுவிலிருந்து நேரே விண்டோஸுக்குப் போங்கள். சிஸ்டம்டி-பூட்டின் 251ஆம் பதிப்பிலிருந்து ‘ரீபூட்-ஃபோர்-பிட்லொக்கர்’ என்ற தெரிவு இருக்கிறது. லோடர் கோப்பில் அதை ‘யெஸ்’ ஆக்கினால், விண்டோஸைத் தானே ஏற்றாமல், ‘அடுத்த தடவை விண்டோஸ்’ என்று ஃபர்ம்வேரிடம் சொல்லிவிட்டு ரீபூட் செய்யும். சாவி கேட்காது.