கொம்பு இடம் மாறிய வெள்ளிக்கிழமை

மூன்று மாதம் இழுத்தடித்த வேலை, போன ஞாயிற்றுக்கிழமைதான் சுவரேறியது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குசினி வாசலில் இப்போது ஏழரை அங்குல ஈ-இங்க் திரை (காகிதம் போலத் தெரியும் மின்திரை) ஒன்று தொங்குகிறது. அம்மம்மாவின் மருந்து நேரம், போயா (பௌர்ணமி) நாள், குப்பை வண்டி வரும் நாள் எல்லாம் அதில் இருக்கும்.

திரையையும் அதை இயக்கும் ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை பலகையையும் இணைப்பது ஒரு பின்னேர வேலை. அலைக்கழித்தது வேறு.

வெளிநாட்டிலிருந்து வந்த பார்சலை எடுக்கப் போனேன். விலைச் சீட்டை அச்செடுத்துக்கொண்டு வரச் சொன்னார் கவுண்டரில் இருந்தவர். போனில் காட்டியதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அரைநாள் லீவு போனது, மறுநாள் இன்னொரு அரைநாள். ஓடர் விவரம், பணம் கட்டிய ரசீது, அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் முதல் தடவையே கையில் கொண்டுபோங்கள்.

அப்புறம், திரையை ஃபிரேமில் பொருத்தும்போது ரிப்பன் கேபிளைக் கண்ணாடியோடு சேரும் இடத்தில் மடித்துவிட்டேன். திரையில் கோடு கோடாக விழுந்தது. அந்த இடம் முறிந்தால் ஒட்டவோ பற்றவைக்கவோ வழியில்லை. புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் எல்சிடியைத்தான் எடுத்து நீட்டினார்கள். இரண்டாவது திரைக்கு மறுபடியும் காத்திருப்பு. கேபிளை வளைக்க வேண்டுமென்றால் அகலமாக, மெதுவாக வளையுங்கள்.

உண்மையில் மனதை நோகடித்தது தமிழ்தான். 'வெள்ளி' என்று எழுதினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன பாஷை தம்பி?" என்று கேட்டார். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோட் முறையில் வகரம் முதலில், கொம்பு அடுத்தது. சின்னப் பலகைகளில் நாம் வழக்கமாகப் போடும் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) அந்த வரிசையிலேயே வரைந்துவிடுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவரும் வேலையை அவை செய்வதில்லை. இரண்டு கிழமை அதோடு மல்லுக்கட்டினேன்.

கடைசியில் எழுதும் வேலையைப் பலகையிடமிருந்தே பிடுங்கிவிட்டேன். வீட்டில் கிடந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, பைத்தான் மொழியில் படம் வரையும் பில்லோ நூலகத்தைக் கொண்டு முழுப் பக்கத்தையும் படமாக வரைகிறது. பலகை அந்தப் படத்தை வாங்கித் திரையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறது. 800க்கு 480 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, மொத்தம் 48,000 பைட்தான். ஒன்று கவனம்: பில்லோவோடு, எழுத்துகளைச் சரியான இடத்தில் அடுக்கும் ராக்ம் நூலகம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் கொம்பு இடம் மாறும்.

"வெள்ளி, போயா. அப்ப இண்டைக்கு மச்சம் மாமிசம் இல்லை." அம்மம்மா சத்தமாக வாசித்த அந்தக் காலையை மறக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈ-இங்க் கரண்ட் இல்லாமலே படத்தை அப்படியே வைத்திருக்கும். ஒருநாள் வைஃபை விழுந்து, முந்தின நாள் மருந்து அட்டவணையே மத்தியானம் வரை சுவரில் நின்றது. நல்லவேளை, அம்மா கவனித்துவிட்டார். அன்றைக்கே வலது மூலையில் கடைசியாகப் புதுப்பித்த திகதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் போட்டேன். இப்போது அம்மம்மா முதலில் பார்ப்பது அதைத்தான்.